ஸ்கேன் கணக்கு வழியாக வந்தவர்கள்: ஓர் அச்சக சர்வரை மறுபடி கட்டிய பதிவு

2024 ஜூலை இரண்டாம் வாரம் சிவகாசியிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ள, சர்வர் ஃபேன் ராத்திரி பகலா கத்திக்கிட்டே இருக்கு. ஒரு டிசைன் ஃபைலைத் திறக்கச் சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்துரலாம், அப்பவும் திறந்திருக்காது. ஆடிப் பதினெட்டுக்கு மூணு வாரந்தான் இருக்கு."

சிவகாசி அச்சகங்களில் ஆடிப் பதினெட்டு என்றால் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் நாள். ஏஜென்ட்டுகள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவது அன்றிலிருந்துதான். மாமாவின் அச்சகம் சின்னது. நான்கு டிசைனர்கள், ஒரு சர்வர். பதினைந்து வருட வேலை மொத்தமும் அந்த ஒரு பெட்டியில். மதுரையிலிருந்து அன்று மாலையே பஸ் ஏறினேன்.

சர்வர் பழைய டவர் மிஷின். டெபியன் 10 என்ற லினக்ஸ் இயங்குதளம், சாம்பா என்ற நிரல் மூலம் டிசைனர்களுக்கு ஃபோல்டர் பகிர்வு, இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக. டெபியன் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீண்டகால ஆதரவு அந்த ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எப்படியும் மாற்றியாக வேண்டிய மிஷின்தான்.

எந்த நிரல் எவ்வளவு சக்தி தின்கிறது என்று காட்டும் எச்டாப்பைத் திறந்ததும் பிராசஸரின் நான்கு கோர்களும் நூறு சதவீதம். மேலே நின்ற புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) பெயர் கே-ஸ்வாப்-டி-0. லினக்ஸ் பழகியவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். நினைவகம் பற்றாமல் போகும்போது பக்கங்களை விடுவித்து இடம் தேடித் தரும் வேலையாள் அது, லினக்ஸின் மையமான கெர்னலுக்கே சொந்தம். அதனால் முதலில் ராம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் 16 ஜி.பி.யில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. இடம் தாராளமாக இருக்கும்போது இடம் தேடுபவனுக்கு என்ன வேலை?

அப்புறம்தான் பயனர் பெயர் இருந்த பத்தியைப் பார்த்தேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஸ்கேன்" என்று இருந்தது. கெர்னலின் வேலையாளான கெர்னல் த்ரெட் எப்போதும் ரூட் பெயரில்தான் ஓடும், புராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ். கட்டளையில் சதுர அடைப்புக்குறிக்குள் தெரியும். இது இரண்டுமே இல்லை. உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு புராசஸ் எண்ணுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'எக்ஸி' என்ற இணைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டும். உண்மையான கெர்னல் த்ரெட்டுக்கு அந்த இணைப்பு எங்கும் போகாது. இங்கே அது ஸ்கேன் பயனரின் ஹோம் அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு ஃபோல்டருக்குப் போனது.

நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்.எஸ். கட்டளையில் அதே புராசஸ் வெளியே முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு இணைப்பு வைத்திருந்தது. மாமாவின் கரண்ட் பில்லில் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கை பரபரத்தது. கில் கட்டளையால் புராசஸை நிறுத்தி, ஃபோல்டரை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைச் செய்யவில்லை. ஓடும் புராசஸைக் கொன்றால் நினைவகத்தில் இருக்கும் தடயமும் போய்விடும். முதலில் அந்த எக்ஸி இணைப்பு வழியாக நிரலின் நகல் ஒன்றை எடுத்தேன். வட்டில் மூலக் கோப்பை அழித்திருந்தாலும், புராசஸ் ஓடும் வரை இந்த வழியில் நகல் கிடைக்கும். இணைப்புப் பட்டியல், புராசஸ் பட்டியல், நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஸ்கேன் பயனரின் கிரான் அட்டவணை எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை எண்) கணக்கிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அதன்பிறகு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

கிரானில் இரண்டு வரி. மிஷின் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓடச் சொல்லி ஒன்று, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடச் சொல்லி இன்னொன்று. வெறும் கில் கொடுத்திருந்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி எழுந்திருக்கும். அதைவிட முக்கியமானது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச்.சின் ஃபோல்டரில் இருந்தது. 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் எங்களுக்குத் தெரியாத ஒரு சாவி. பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சாவியை வைத்திருப்பவர் நேராக உள்ளே வருவார். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்தக் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பயனரின் ஹோமிலும் பாருங்கள்.

எப்படி உள்ளே வந்தார்கள்? சிஸ்டத்தின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் எஸ்.எஸ்.எச். பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தோல்வி முயற்சிகள்: ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், பை. யாரோ மாமா அச்சகத்தைக் குறிவைத்து அடித்ததில்லை இது. இணையத்தில் எஸ்.எஸ்.எச்.சின் வழக்கமான வாசலான 22-ஆம் போர்ட் திறந்திருக்கும் எந்த மிஷினிலும், இப்படிப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியல்களில் ஸ்கேன் என்ற பெயரும் உண்டு. நடுவே ஒரு வரி: ஸ்கேன் பயனருக்கு பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது.

நேரத்தைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினேன். காலை ஒன்பதரை மணியிலிருந்துதான் எல்லாம் மெதுவானது என்று டிசைனர் அக்கா உறுதியாகச் சொன்னார். பதிவில் விடியற்காலை நான்கு மணி என்று இருந்தது. சர்வரின் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது, ஐந்தரை மணி நேரம் கூட்டினால் அக்கா சொன்னது நிமிடக் கணக்கில் சரி.

மாமாவிடம் கேட்டதும் கதை வந்தது. 2020 ஊரடங்கில் டிசைனர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க, வெளியிலிருந்து வந்த ஒருவர் ரௌட்டரில் 22-ஆம் போர்ட்டை சர்வருக்குத் திருப்பிவிட்டார். பிறகு யாரும் அதை மூடவில்லை. ஸ்கேன் கணக்கு அதற்கும் முந்தியது. ஜெராக்ஸ் மிஷின் ஸ்கேன் செய்த பக்கங்களை சர்வருக்கு அனுப்புவதற்காக உருவாக்கியது. கணக்கின் பெயரேதான் பாஸ்வேர்ட். ஆபீஸுக்குள் மட்டும் இருந்தவரை அது பெரிய ஆபத்தில்லை. போர்ட் திறந்த அன்றைக்கு அதுவே வாசற்கதவாகிவிட்டது.

"அந்த ஃபைலை அழிச்சிட்டா போதாதா மாப்ள? ஆல்பம் வேலை நிக்குது" என்றார் மாமா. நியாயமான கேள்விதான்.

மிஷினை நிறுத்தி, லைவ் யு.எஸ்.பி.யில் பூட் செய்து, வட்டுகளை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி ஏற்றினேன். உள்ளே ஓடும் சிஸ்டத்திடமே "உனக்குள் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டால், பி.எஸ். கட்டளையையே மாற்றி வைத்திருப்பவன் பொய் சொல்ல வைக்க முடியும். வெளியிலிருந்து பார்த்தால் அவன் கோப்புகள் வெறும் கோப்புகள். டெப்சம்ஸ் என்ற கருவி, நிறுவிய ஒவ்வொரு மென்பொருள் பொதியின் கோப்புகளையும் அந்தப் பொதியோடு வந்த எம்.டி.5 கைரேகைப் பட்டியலோடு ஒப்பிடும். ஓட்டினேன். எல்லாம் ஒத்துப்போனது. ஸ்கேன் கணக்கைத் தாண்டி ரூட் வரை போனதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த எம்.டி.5 பட்டியல் இருந்ததும் அதே வட்டில்தான். ரூட் கிடைத்தவன் பட்டியலையும் மாற்றியிருக்கலாம். மாமாவிடம் அதைத்தான் சொன்னேன்: "தடயம் கிடைக்கலைன்னுதான் என்னால சொல்ல முடியும் மாமா. ஒண்ணும் நடக்கலைன்னு சொல்ல முடியாது." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட இரண்டு நாள் என்றேன். மூன்று ஆனது.

புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் டெபியன் 12. பழைய சிஸ்டத்திலிருந்து அமைப்புக் கோப்பு எதையும் அப்படியே நகலெடுக்கவில்லை. திறந்து படித்து, தேவையானதைக் கையால் எழுதினேன். டிசைன் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவற்றை எடுக்கும் முன் ஃபைண்ட் கட்டளையில் சி-டைம் (கோப்பின் நிலை கடைசியாக மாறிய நேரம்) வைத்து, அந்தக் குறிப்பிட்ட காலைக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் பட்டியலிட்டேன். எம்-டைம் என்கிற திருத்திய நேரத்தை டச் கட்டளையால் யாரும் பின்தேதியிட்டு மாற்றிவிடலாம். சி-டைமை அப்படி நினைத்த தேதிக்கு வைக்க முடியாது. எதைத் தொட்டாலும் தொட்ட நேரத்துக்கு மாறிவிடும். பட்டியலில் வந்தவை எல்லாம் டிசைனர்கள் அன்றாடம் வேலை பார்த்த படங்கள். கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் நிரலையும் ஒருமுறை ஓட்டினேன்.

அந்த மாதம் 1-ஆம் தேதிதான் எஸ்.எஸ்.எச். சேவையைத் தரும் நிரலான ஓபன்எஸ்.எஸ்.எச்.சில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே சொல்லப்பட்டிருந்தது. குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்தது. 2006-இல் அடைத்த ஓட்டை ஒன்று பிற்பாடு செய்த மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டது. டெபியன் 12-இல் இருந்த பதிப்பும் அதில் மாட்டும். ஆனால் திருத்தம் உடனே வந்துவிட்டது. அதனால் புது மிஷினில் நான் செய்த முதல் வேலை அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பொதியை நிறுவியது. பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாகவே போட்டுக்கொள்ளும். மாதம் ஒருமுறை வரும் என்னை நம்பி இருப்பதைவிட இது நல்லது.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எக்ஸ்.இசட். சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலாளர், எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப்போய் அதைக் கண்டுபிடித்தார். அரை நொடி. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. டெபியனின் நிலைப் பதிப்புக்கு அது வந்து சேரவே இல்லை. ஃபேன் சத்தம் மாறியிருக்கிறது என்று மாமா போன் செய்ததை நான் அலட்சியப்படுத்தாததற்கு அந்தச் செய்தி மனத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

எஸ்.எஸ்.எச்.சில் பாஸ்வேர்டை மூடி, எட்-25519 வகைச் சாவி மட்டும் என்று வைத்தேன். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமைப்புக் கோப்பில் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதே செல்லும். கடைசியில் வருவது இல்லை. துணைக் கோப்புகளுக்கான ஃபோல்டர், டெபியனில் முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது. நாம் கீழே "நோ" என்று எழுதிவிட்டு நம்பிக்கொண்டிருப்போம், மேலே ஏதோ ஒரு கோப்பில் "யெஸ்" இருக்கும். எஸ்.எஸ்.எச்.டி.க்குப் பெரிய எழுத்து டி விருப்பத்தைக் கொடுத்தால் உண்மையில் நடப்பில் இருக்கும் அமைப்பைக் காட்டும். அதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். மறுதொடக்கம் செய்யும்போது பழைய செஷன் ஒன்றைத் திறந்தே வைத்திருந்தேன். புது ஜன்னலில் உள்ளே போக முடிந்த பிறகே அதை மூடினேன்.

தோல்வியுற்றுத் திரும்பத் திரும்பத் தட்டும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்-டு-பேன், நிறுவியதும் ஓட மறுத்தது. எஸ்.எஸ்.எச்.சுக்கான பதிவுக் கோப்பே இல்லை என்றது. டெபியன் 12-இல், பதிவுகளைத் தனிக் கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. எல்லாம் ஜர்னலுக்குள் போகிறது. அதனால் வழக்கமான ஆத்.லாக் கோப்பு அங்கே இருக்காது. ஃபெயில்-டு-பேனுக்கு நாம் எழுதும் அமைப்புக் கோப்பான ஜெயில்.லோக்கலில் பேக்எண்ட் என்பதை சிஸ்டம்டி என்று மாற்றி, பைதான்-சிஸ்டம்டி பொதியையும் சேர்த்ததும் எழுந்துவிட்டது. பொதியோடு வரும் ஜெயில்.கான்ஃப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் குழப்பம் வரும். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஃபெயில்-டு-பேனையே எடுத்துவிட்டேன். கீழே சொல்லும் வேலைக்குப் பிறகு வெளியிலிருந்து தட்டுவதற்குக் கதவே இல்லாமல் போனதால், அதற்குப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

அந்த வேலை வயர்கார்டு என்ற வி.பி.என்., அதாவது சாவி உள்ளவர்கள் மட்டும் வெளியிலிருந்து வரக்கூடிய தனிவழி. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ரௌட்டரில் 22-ஐ எடுத்துவிட்டு யு.டி.பி. 51820-ஐ மட்டும் சர்வருக்குத் திருப்பினேன். சரியான சாவியோடு வராத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. தட்டுபவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். நான்கு டிசைனர்களுக்கு நான்கு சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

அதிலும் ஒரு சிக்கல். விருதுநகரிலிருந்து வேலை பார்க்கும் அக்காவுக்கு இணைப்பு கிடைத்தது, ஃபோல்டர் பட்டியல் தெரிந்தது, பெரிய கோப்பைத் திறந்தால் மட்டும் அப்படியே நின்றது. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் முதலில் எம்.டி.யு.வை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைச் சந்தேகிக்க வேண்டும். வயர்கார்டு வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். அவர் போனில் எடுக்கும் ஹாட்ஸ்பாட் இணைப்பு அதைத் தாங்கவில்லை. 1280 ஆகக் குறைத்ததும் ஓடியது.

இரண்டாம் நாள் மாலை, எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப் ஓட்டினேன். அதுவும் உள்ளேயிருந்து அல்ல. என் போன் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து, அச்சகத்தின் சொந்த முகவரியை மட்டும் வெளியிலிருந்து. சும்மா ஓட்டினால் என்மேப் அதிகம் புழங்கும் ஆயிரம் போர்ட்டை மட்டுமே பார்க்கும். 65535-யும் பார்க்கச் சொன்னேன். "இருக்கிறாயா" என்று கேட்கும் பிங்குக்கு ரௌட்டர் பதில் தராது என்பதால் அந்தச் சோதனையைத் தவிர்க்கும் விருப்பத்தையும் சேர்த்தேன். நேரம் எடுத்தது. 22 போயிருந்தது. ஆனால் 8080 திறந்திருந்தது! ரௌட்டரின் நிர்வாகப் பக்கமே இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து எத்தனை தடவை சரிபார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. அதை மூடி, ரௌட்டர் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

எல்லாம் முடிந்தது என்றபோது ஜெராக்ஸ் மிஷின் ஸ்கேன் அனுப்ப மறுத்தது. எஸ்.எஸ்.எச். வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி. அதற்குத் தெரியும், ஆனால் சாவி தெரியாது. பாஸ்வேர்ட்தான் கொடுக்க முடியும். அந்த ஒரு பயனருக்கு, அந்த ஒரு உள் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் பாஸ்வேர்ட் செல்லும் என்று மேட்ச் பகுதி ஒன்று எழுதினேன். கட்டளை கொடுக்க ஷெல் கிடையாது, உள்-எஸ்.எஃப்.டி.பி. மட்டும், குரூட் போட்டு ஒரே ஃபோல்டருக்குள் அடைப்பு. பாஸ்வேர்டும் இந்தத் தடவை நீளமானது. மறுபடி இணைப்பு அறுந்தது. குரூட் செய்யும் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். நான் ஸ்கேன் பயனருக்கே கொடுத்திருந்தேன். மேல் ஃபோல்டரை ரூட்டுக்கு மாற்றி, உள்ளே "வரவு" என்று ஒன்றை ஸ்கேனுக்குக் கொடுத்ததும் முதல் பக்கம் வந்து விழுந்தது.

லினிஸ் என்ற பாதுகாப்புத் தணிக்கைக் கருவியையும் ஓட்டினேன். பயன்பட்டது இரண்டே விஷயம்: தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சேவை ஒன்று, ஃபயர்வால் விதி எதுவும் இல்லை என்ற எச்சரிக்கை. லினக்ஸின் ஃபயர்வாலான என்.எஃப்.டேபிள்ஸில் சில வரிகள் எழுதினேன். லினிஸ் தரும் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் முழுக்க பேக்கப். அதுவரை பேக்கப் என்பது சர்வரிலேயே எப்போதும் செருகியிருந்த யு.எஸ்.பி. டிஸ்க். வந்தவர்கள் நாணயம் தோண்டுவதற்குப் பதிலாகக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்களாக இருந்து, ரூட்டும் கிடைத்திருந்தால், அந்த டிஸ்க்கும் சேர்ந்தே போயிருக்கும். மாமா வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் டெபியன் போட்டு, ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலின் ரெஸ்ட்-சர்வரை 'சேர்க்க மட்டும்' என்ற நிலையில் ஓடவிட்டேன். அச்சக சர்வர் அங்கே புதிய நகலை வைக்க முடியும். இருப்பதை அழிக்க முடியாது. பழைய நகல்களைக் களையும் வேலை அந்த லேப்டாப்பிலிருந்து மட்டுமே நடக்கும். வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து அணுகத்தக்க முகவரி கிடையாது. அதனால் லேப்டாப்தான் வயர்கார்டில் அச்சகத்துக்கு அழைக்கிறது; 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. முதல் நகல் மட்டும் லேப்டாப்பை அச்சகத்துக்கே தூக்கி வந்து கேபிளில் எடுத்தது. இரவு முழுக்க ஓடியது.

காலையில் மாமாவை உட்கார வைத்து, "ஏதாவது ஒரு பழைய படம் சொல்லுங்க" என்றேன். 2011-இல் செய்த திருச்செந்தூர் முருகன் தினசரிக் காலண்டர் தலைப்பைச் சொன்னார். ரெஸ்டிக்கிலிருந்து மீட்டு, மூலக் கோப்போடு ஷா-256 ஒப்பிட்டேன். ஒன்றே. திரையில் முருகன் வந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரெஸ்டிக் பாஸ்வேர்ட் தொலைந்தால் அத்தனை நகலும் வெறும் குப்பை. அதனால் இரண்டு காகிதத்தில் எழுதி, ஒன்று வீட்டு பீரோவில், இன்னொன்று என்னிடம்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படியான ஊடுருவலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தெரிவிப்பதை முதல் நாள் இரவே செய்துவிட்டோம். பதிவுகளுக்காக ஜர்னலின் அளவு வரம்பைக் கூட்டினேன். கூடவே ஜர்னல்-ரிமோட் பொதி மூலம் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் வீட்டு லேப்டாப்புக்கும் போகிறது. சர்வரில் நுழைந்து தன் தடத்தை அழிப்பவன் வீட்டில் இருக்கும் நகலை அழிக்க முடியாது.

ஆல்பம் நாள் தவறாமல் வெளியானது. இன்னும் பாக்கி இருப்பவை: யு.பி.எஸ்.ஸை, அதைக் கண்காணிக்கும் நட் என்ற மென்பொருளோடு இணைத்து, கரண்ட் நீண்ட நேரம் போனால் சர்வர் தானாக முறையாக அணைய வைக்க வேண்டும். டிசைனர் அக்காவுக்கு ரெஸ்டிக்கிலிருந்து கோப்பு மீட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் ஊரில் இல்லாத நாளில் அவர்தான் செய்யப்போகிறவர். வெளியிலிருந்து என்மேப் ஓட்டுவது மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை. அது என் போன் நாள்காட்டியில் இருக்கிறது.